ஓயாத துகள்கள்

கண்ணாடிக் குவளை ஒன்றில் தண்ணீரை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தால் அதில் எந்த அசைவும் தெரியாது. அந்தத் தண்ணீரில் சமையலுக்குப் பயன்படும் சிவப்பு வண்ணத்தை ஒரு துளி விட்டால், துளி மெல்ல நூல் நூலாகப் பிரியும், பிறகு மங்கும், சில மணி நேரத்தில் குவளை முழுவதும் வெளிர் சிவப்பாகிவிடும். யாரும் கரண்டியால் கலக்கவில்லை. குவளையை யாரும் அசைக்கவும் இல்லை. வெந்நீரில் விட்டால் வண்ணம் இன்னும் விரைவாகப் பரவும்.

அந்த வண்ணத்தைச் சுமந்து சென்றது எது? இன்று முதலாம் படிவ மாணவர்கூட, “தண்ணீர்த் துகள்களின் இயக்கம்” என்று விடை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவார். ஆனால், அந்த ஒரு வரி விடை எளிதில் கிடைத்ததன்று. அதற்காக ஒரு தாவரவியலாளர் கல்லையும் கண்ணாடியையும் பொடியாக்கிப் பார்த்தார். ஓர் இயற்பியலாளர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை வாதாடியே கழித்தார். இன்னொருவர் மரப்பிசின் மணிகளை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணினார்.

அந்தக் கதைக்குப் போகுமுன், திடம், திரவம், வாயு ஆகிய மூன்று நிலைகளில் துகள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளிச் சபைகூடலில் மாணவர்கள் வரிசையாக நிற்பதைப் போன்றது திடப்பொருளின் நிலை. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. காலை மாற்றி ஊன்றலாம். பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பலாம். வரிசையை விட்டு மட்டும் நகர முடியாது. இரும்பு, கல், உப்புப் படிகம் ஆகியவற்றின் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியபடி, தத்தம் இடத்தில் இருந்தவாறே அதிர்கின்றன. அதனால்தான் திடப்பொருளுக்கு நிலையான வடிவம் இருக்கிறது. சூடேறினால் அதிர்வு கூடுகிறது, துகள்களுக்கு இடையே உள்ள தூரம் சற்றே அதிகரிக்கிறது, பொருள் விரிகிறது. நீண்ட பாலங்களின் தளத்தில் ஆங்காங்கே சிறிய இடைவெளி விட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

திரவத்தின் நிலை, தைப்பூச நாளில் பத்துமலையின் 272 படிகளில் ஏறும் கூட்டத்தைப் போன்றது. தோளோடு தோள் உரசும் நெருக்கம் அங்கே உண்டு. ஆனாலும், யாரும் ஒரே படியில் நின்றுவிடுவதில்லை. ஒருவர் மற்றவரைச் சுற்றிக்கொண்டு, கிடைத்த இடத்தில் நுழைந்து நகர்ந்துகொண்டே இருக்கிறார். திரவத் துகள்களும் அப்படித்தான். அவை நெருங்கியே இருக்கின்றன. ஆனால், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. ஆகையால், தண்ணீர் கிண்ணத்தில் கிண்ணத்தின் வடிவத்தையும் குழாயில் குழாயின் வடிவத்தையும் பெறுகிறது.

வாயுவின் நிலை வேறு. பள்ளி முடிந்த மணி அடித்ததும் திடலில் நாலாபக்கமும் ஓடும் சிறுவர்களைப் போல, வாயுத் துகள்கள் கிடைத்த இடமெங்கும் பறக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடம் மிகப் பெரிது. ஊசி இல்லாத மருந்தேற்றுக் குழலில் காற்றை நிரப்பி, முனையை விரலால் அடைத்துத் தண்டை அழுத்தினால் தண்டு உள்ளே இறங்கும். தண்ணீரை நிரப்பி அழுத்தினால் தண்டு அசைய மறுக்கும். காற்றில் நெருங்குவதற்கு இடம் இருக்கிறது. தண்ணீரில் அந்த இடம் ஏறக்குறைய இல்லை. துகள்களின் இடைவெளியைக் கையாலேயே உணர வைக்கும் சோதனை இது.

இவையெல்லாம் பாடநூலில் உள்ளவைதான். ஆனால், துகள்களை யாரும் கண்ணால் கண்டதில்லையே! காணாத ஒன்றை உண்மை என்று எப்படி ஏற்பது? இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் அறியாதவர்கள் அல்லர். தங்கள் காலத்தின் மிகச் சிறந்த அறிவியலாளர்கள்.

பொருள்கள் நுண்ணிய துகள்களால் ஆனவை என்ற எண்ணம் மிகப் பழைமையானது. கிரேக்க நாட்டின் டெமாக்ரிடஸ் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பேசினார். தமிழிலும் அந்தச் சிந்தனை பதிவாகியுள்ளது. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில், பல சமயத்தார் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கின்றனர். அவர்களுள் ஒருவரான ஆசீவகர், உலகம் அணுக்களால் ஆனது என்கிறார். அணு புதிதாகத் தோன்றுவதில்லை, ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை, அணுக்கள் செறிந்தால் உறுதியான பொருளாகும் என்பது அவர் கூற்றின் சாரம். அணுக்களின் நெருக்கமே பொருளின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்ற இந்த எண்ணம் வியப்பளிக்கிறது. எனினும், அது சிந்தனையாகவே நின்றது. அதைச் சோதித்துப் பார்க்கும் கருவியோ வழியோ அன்று இல்லை.

சோதனைக்கு வழி திறந்தவர் ஒரு தாவரவியலாளர். ஸ்காட்லாந்தில் 1773இல் பிறந்த ராபர்ட் பிரௌன் என்பவர் அவர். அவருடைய பெயர் இந்த வட்டாரத்தோடும் தொடர்புடையது. 1818இல் சுமத்ராவின் காட்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள பெரிய மலர் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதை முதலில் கண்டு, ஜோசப் ஆர்னால்டு என்ற மருத்துவரை அழைத்துச் சென்று காட்டியவர் ஒரு மலாய்ப் பணியாளர். ஆர்னால்டு, பின்னாளில் சிங்கப்பூரில் துறைமுகம் நிறுவிய ராஃபிள்ஸின் பயணக் குழுவில் இருந்தவர். அந்த மலரின் மாதிரி லண்டனுக்குச் சென்றது. அதை ஆராய்ந்து விவரித்து, ரஃப்லேசியா ஆர்னால்டி என்ற அறிவியல் பெயரை அளித்தவர் பிரௌன். உலகின் மிகப் பெரிய தனிமலரை விவரித்த அதே கண்கள், சில ஆண்டுகளுக்குப் பிறகு மிகச் சிறிய ஓர் அசைவைக் கவனித்தன.

1827ஆம் ஆண்டின் கோடைக்காலம். பிரௌன் கிளார்க்கியா என்ற செடியின் மகரந்தத்தைத் தண்ணீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். மகரந்தத்துக்குள் இருந்த நுண்மணிகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு அளவே இருந்தன. அவை ஓயாமல் நடுங்கின, திரும்பின, இடம் மாறின. தண்ணீரில் ஓட்டம் எதுவும் இல்லை. தண்ணீர் ஆவியாவதாலும் அந்த அசைவு உண்டானதாகத் தெரியவில்லை. அப்படியானால், அந்த மணிகளுக்கு உயிர் இருக்கிறதா?

அத்துடன் நிறுத்தியிருந்தால், “மகரந்தத்தில் உயிர்த்துகளைக் கண்டேன்” என்று பிரௌன் அறிவித்திருக்கலாம். கேட்டவர்கள் பாராட்டியும் இருப்பார்கள். ஆனால், அவர் தம் எண்ணத்தைத் தாமே சோதித்தார். பல மாதங்கள் சாராயத்தில் ஊறிய செடியின் மகரந்தத்தை எடுத்துப் பார்த்தார், அசைந்தது. நூறு ஆண்டுகளுக்குமேல் உலர்ந்து கிடந்த செடியின் மகரந்தத்தையும் பார்த்தார், அதுவும் அசைந்தது. அடுத்து, ஒருபோதும் உயிர் இல்லாத பொருள்களை நாடினார். கண்ணாடியைப் பொடித்தார். பாறைகளைப் பொடித்தார். எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து பெயர்ந்த ஒரு சிறு துண்டையும் விட்டுவைக்கவில்லை. போதிய அளவு நுண்ணிய பொடியாக்கியபோது எல்லாமே தண்ணீரில் நடனமாடின. எனவே, அசைவுக்குக் காரணம் உயிர் அன்று என்ற முடிவுக்கு அவர் வந்தார். பிறகு என்னதான் காரணம் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. தாம் கண்டதை மட்டும் 1828இல் எழுதி வெளியிட்டார். அந்த அசைவு இன்று ‘பிரௌனியன் இயக்கம்’ என்று அழைக்கப்படுகிறது.

அந்த அசைவு ஓய்வதே இல்லை. சில குவார்ட்ஸ் கற்களுக்குள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறைப்பட்டிருக்கும் நீர்த்துளிகளிலும் அது நடந்துகொண்டிருப்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டனர்.

இதற்கிடையில், வாயுக்களைப் பற்றிய ஆய்வு மற்றொரு பக்கம் வளர்ந்தது. வாயு என்பது ஓயாமல் பறந்து மோதும் துகள்களின் கூட்டம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் விளக்கினார். அந்தக் கணக்கின்படி, அறை வெப்பநிலையில் காற்றுத் துகள்கள் சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. அது பயணிகள் விமானத்தின் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உடனே ஒரு நல்ல மறுப்பு எழுந்தது. துகள்கள் அவ்வளவு வேகமாகப் பறந்தால், அறையின் ஒரு மூலையில் எழும் மணம் அடுத்த நொடியே மறுமூலைக்கு எட்ட வேண்டுமே! ஏன் எட்டுவதில்லை? இப்படிக் கேட்டவர் ஹாலந்தின் வானிலை அறிஞர் பைஸ் பாலட். டுரியான் பழத்தை அறுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் நன்றாகவே புரியும். சமையலறையில் பழத்தைப் பிளந்தவுடன் வரவேற்பறைக்கு மணம் வந்துவிடாது. சற்று நேரம் ஆகும்.

கிளாசியஸ் 1858இல் அதற்கு விடை கூறினார். துகள் வேகமாகத்தான் பறக்கிறது. ஆனால், அதற்கு நேர்வழி கிடைப்பதில்லை. ஒவ்வொரு துகளும் ஒரு விநாடியில் பல நூறு கோடி தடவை மற்றத் துகள்களோடு மோதித் திசை மாறுகிறது. முன்னே போகிறது, பின்னே தள்ளப்படுகிறது, பக்கவாட்டில் சிதறுகிறது. சந்தைக் கூட்டத்தில் சிக்கிய ஓட்டப்பந்தய வீரரைப் போல, வேகம் இருந்தும் தூரம் கடக்க முடியாமல் திணறுகிறது. மறுப்பு கொள்கையைக் கவிழ்க்கவில்லை, அதைக் கூர்மையாக்கியது. சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில்களில் டுரியான் எடுத்துச் செல்லத் தடை உள்ளது. மூடிய பெட்டியில் அந்த மணத்துகள்கள் மெதுவாகப் பரவினாலும், வெளியேற வழியின்றி எல்லாரையும் சென்று சேர்ந்துவிடும் அல்லவா?

வாயுத் துகள்களின் கணக்கை மேலும் விரிவாக்கியவர் ஆஸ்திரிய நாட்டின் லுட்விக் போல்ட்ஸ்மன். 1844இல் வியன்னாவில் பிறந்த அவர், வெப்பம் என்பது துகள்களின் இயக்கமே என்பதைக் கணிதத்தால் நிறுவ முயன்றார். ஒரு வாயுவில் எத்தனை துகள்கள் மெதுவாகவும் எத்தனை துகள்கள் விரைவாகவும் செல்லும் என்பதைக் கணக்கிட அவர் வழி வகுத்தார்.

அவருக்கு வலிமையான எதிர்ப்பு இருந்தது. எர்ன்ஸ்ட் மாக், வில்லெம் ஆஸ்ட்வால்டு ஆகியோர் அதில் முன்னணியில் நின்றனர். அளந்து அறியக்கூடியதையே அறிவியல் பேச வேண்டும். அணு என்பது கணக்குப் போட உதவும் கற்பனையாக இருக்கலாம். அதை மெய்ப்பொருள் என்று சொல்லச் சான்று எங்கே? இதுவே அவர்களின் வாதம். ஆஸ்ட்வால்டு போல்ட்ஸ்மனுக்கு நண்பரும்கூட. ஆனாலும், 1895இல் லுபெக் நகரில் நடந்த கூட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்று வாதிட்டனர். போல்ட்ஸ்மன் சோர்ந்துபோகாமல் எழுதினார், கற்பித்தார், விவாதித்தார். ஆனால், ‘இதோ பாருங்கள்’ என்று எடுத்துக் காட்ட அவர் கையில் எதுவும் இல்லை. நீண்ட காலம் மனச்சோர்வால் அவதியுற்ற அவர், 1906 செப்டம்பரில் இத்தாலியக் கடற்கரை ஊரான துவினோவில் காலமானார்.

அவர் தேடிய சான்றுக்கான விதை அதற்கு முந்தைய ஆண்டே ஊன்றப்பட்டிருந்தது. 1905இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்த 26 வயது இளைஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், திரவத்தில் மிதக்கும் நுண்மணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரது எண்ணம் இதுதான்: தண்ணீரின் துகள்கள் எல்லாப் பக்கமிருந்தும் மணியைத் தாக்குகின்றன. பெரிய பொருளாக இருந்தால் தாக்குதல்கள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மிகச் சிறிய மணியாக இருந்தால், ஒரு கணம் இடப்பக்கம் தாக்கிய துகள்கள் மிகுந்திருக்கும். மறுகணம் வலப்பக்கம் மிகுந்திருக்கும். அதனால் மணி நடுங்கும், அலையும். திருவிழாக் கூட்டத்தின் தலைக்குமேல் தட்டிவிடப்படும் பெரிய பந்து எப்படித் தாறுமாறாக நகருமோ, அப்படி நகரும். தூரத்தில் இருப்பவருக்குத் தட்டும் கைகள் தெரியாவிட்டாலும் பந்து தெரியும்.

ஐன்ஸ்டைன் இதை உவமையாக மட்டும் விடவில்லை, எண்ணாகவும் சொன்னார். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள மணி, தண்ணீரில் ஒரு நிமிடத்தில் சராசரியாக அதைப்போல் ஏறத்தாழ 6 மடங்கு தூரம் விலகும் என்று கணித்தார். மேலும், இரண்டு மடங்கு தூரம் விலக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் ஆகும் என்றும் கூறினார். கணிப்பு சரியா, தவறா என்பதை இனி நுண்ணோக்கி சொல்லிவிடும். துகள் கொள்கை முதன்முறையாகக் கண்முன் சோதிக்கத்தக்கதாயிற்று.

சோதித்தவர் பாரிஸ் நகரின் ஜான் பெரான். அவருக்கு ஒரே அளவுள்ள உருண்டை மணிகள் தேவைப்பட்டன. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த பொருளும் தென்கிழக்காசியாவுக்கு உரியதே. கம்போடியா, தாய்லாந்து முதலிய நாடுகளில் வளரும் ஒரு மரத்தின் மஞ்சள் பிசின் அது. கம்போடியாவின் பெயரை ஒட்டியே அது கம்போஜ் என்று அழைக்கப்பட்டது. மங்குஸ்தீன் மரத்தின் உறவினமான அந்த மரத்தின் பிசினை ஓவியர்கள் மஞ்சள் நீர்வண்ணமாகப் பயன்படுத்தினர். அதைத் தண்ணீரில் கரைத்தால் எண்ணற்ற நுண்மணிகள் மிதக்கும். ஆனால், அவை பல அளவில் இருக்கும். பெரான் அவற்றைச் சுழற்கருவியில் இட்டு மீண்டும் மீண்டும் சுழற்றி, அளவு வாரியாகப் பிரித்தார். ஒரு கிலோகிராம் பிசினில் தொடங்கி, பல மாத உழைப்புக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பயனுள்ள மணிகள் ஒரு கிராம்கூட இல்லை.

1908இல் அந்த மணிகளைக் கொண்டு அவர் தம் முடிவுகளை வெளியிடத் தொடங்கினார். கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்குதான். மேலே செல்லச் செல்லக் காற்றுத் துகள்களின் நெருக்கம் குறைகிறது. ஒரு நீர்த்துளியில் மிதக்கும் பிசின் மணிகளும் இதே முறையில் குறைய வேண்டும் என்று பெரான் எதிர்பார்த்தார். நுண்ணோக்கியை மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு மட்டத்திலும் மணிகளை எண்ணினார். ஆயிரக்கணக்கில் எண்ணினார். மணிகள் அப்படியே குறைந்தன. காற்று பாதியாவதற்குப் பல கிலோமீட்டர் ஏற வேண்டும். மணிகளோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு உயரத்திலேயே பாதியாயின. சின்னஞ்சிறு துளிக்குள் ஒரு வானமே அடங்கியிருந்தது.

மணிகளின் அலைச்சலையும் அவர் அளந்தார். 30 விநாடிக்கு ஒரு முறை மணி இருந்த இடத்தைக் குறித்து, புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார். ஐன்ஸ்டைனின் கணிப்போடு அது பொருந்தியது. இந்த அளவீடுகளிலிருந்து, 18 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதையும் அவர் கணக்கிட்டார். வெவ்வேறு வழிகளில் கணக்கிட்டும் விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியே வந்தன. அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 6க்குப் பின் 23 சுழியங்கள் என்பது இன்று உறுதியாகத் தெரியும். ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றே மிகுதியான தண்ணீருக்குள் அத்தனை துகள்கள்! 1926இல் பெரானுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெரானின் முடிவுகள் போல்ட்ஸ்மன் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தன. அவற்றைக் காண அவர் இல்லை. ஆனால், அவரை எதிர்த்து வாதிட்ட ஆஸ்ட்வால்டு அவற்றைக் கண்டார். தம் பாடநூலின் புதிய பதிப்பின் முன்னுரையில், துகள்கள் இருப்பதற்கு இப்போது சோதனைச் சான்று கிடைத்துவிட்டது என்று வெளிப்படையாக எழுதினார். பல ஆண்டுகள் மேடையேறி மறுத்த ஒன்றைத் தம் மாணவர்கள் படிக்கும் நூலிலேயே ஏற்றுக்கொள்ள மனத்துணிவு வேண்டும். சான்று இல்லாதபோது ஐயப்பட்டதும், சான்று வந்தபோது மாறியதும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள்.

இந்த வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. துகள்களின் நடத்தை அன்றாடம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தே தாரிக் கலக்குபவர் தேநீரை ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு உயரத் தூக்கி ஊற்றுகிறார். நீளும் தேநீரின் பரப்பு பெரிதாகிறது. பரப்பில் உள்ள துகள்களில் வேகம் மிகுந்தவை ஆவியாகத் தப்பிச் செல்கின்றன, மெதுவானவை தங்குகின்றன. சராசரி வேகம் குறைவதால் தேநீர் ஆறுகிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதனால்தான். காற்றில் ஏற்கனவே நீராவித் துகள்கள் நிறைந்திருக்கும் புழுக்கமான நாளில், தப்பிச் செல்பவற்றுக்கு ஈடாகப் பல துகள்கள் தோலுக்கே திரும்பிவிடுகின்றன. ஆகவே, வியர்வை வழிந்தும் உடல் குளிர்வதில்லை.

தண்ணீர் உறையும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. பெரும்பாலான பொருள்கள் திடமாகும்போது சுருங்கும். தண்ணீரின் துகள்களோ, நடுவில் இடம் விட்டுக் கூடு கட்டியதுபோல் அடுக்கப்படுகின்றன. அதனால் பனிக்கட்டி ஏறத்தாழ 9 விழுக்காடு பெருத்துவிடுகிறது. பனிக்கட்டி பானத்தில் மிதப்பதும், நிரம்பிய கண்ணாடிப் புட்டியை உறைபெட்டியில் வைத்தால் அது வெடிப்பதும் இதன் விளைவுகளே.

சமையலறையில் இருக்கும் எரிவாயுத் தோம்பு இன்னும் கவனத்துக்கு உரியது. அதை ஆட்டினால் உள்ளே திரவம் தளும்பும். புரோப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களை அழுத்தித் திரவமாக்கி அதில் அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் அந்தத் திரவம் ஏறத்தாழ 250 மடங்கு இடத்தைப் பிடிக்கும் வாயுவாகிறது. சிறிய கசிவும் பெரிய ஆபத்தாவது அதனால்தான். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தரையை ஒட்டிப் பரவி, மூலைகளிலும் வடிகால்களிலும் தேங்கும். அதற்கு இயல்பாக மணமும் இல்லை. கசிவை மூக்கு அறிய வேண்டும் என்பதற்காகவே கடுமையான வாடையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். வாடை வந்தால் விளக்கையோ மின்விசிறியையோ போடக் கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு தீப்பொறி போதும், தேங்கிய வாயு பற்றிக்கொள்ளும். தோம்பின் அடைப்பானை மூடிக் கதவையும் சன்னல்களையும் திறந்துவிட்டு வெளியேறுவதே பாதுகாப்பு. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எங்கே போய்த் தங்கும் என்று அறிந்தவர், தம்மையும் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொள்வார்.

புகைமூட்டம் சூழும் நாள்களிலும் இந்த அறிவு தேவைப்படுகிறது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் மலேசியாவையும் சிங்கப்பூரையும் கடுமையான புகைமூட்டம் வாட்டியது. அதில் அதிகம் அஞ்சத்தக்கவை 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான மாசுத்துகள்கள். பெரான் எண்ணிய பிசின் மணிகளும் இந்த அளவை ஒட்டியவையே. இவ்வளவு சிறிய மாசுகள் எளிதில் தரையில் படிவதில்லை. காற்றுத் துகள்களின் மோதலுக்கு இடையே நெடுநேரம் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடும். அந்த நாள்களில் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துவதும், பொருத்தமான முகக்கவசம் அணியச் சொல்வதும் வீண் அச்சத்தால் அல்ல.

வியன்னாவின் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் போல்ட்ஸ்மனின் நினைவுக்கல் இருக்கிறது. அதில் அவர் பெயருக்கு மேலே ஒரு சிறிய சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. எண்ணற்ற துகள்களின் ஒழுங்கற்ற நிலையை அளக்கும் சூத்திரம் அது. அவரும் பிரௌனும் ஐன்ஸ்டைனும் பெரானும் ஓர் அணுவையும் நேரில் கண்டதில்லை. 1981இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட புதுவகை நுண்ணோக்கி, ஒரு பொருளின் பரப்பில் அணுக்கள் அமர்ந்திருக்கும் இடங்களைப் படமாகக் காட்ட வழி செய்தது. ஆனால், அந்தப் படம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, தண்ணீரில் நடுங்கிய சிறு மணிகளைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் உண்மையை அறிந்திருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு துளி வண்ணமும் ஏன் என்று கேட்கும் மனமும் போதும்.